தேர்தல் வரும்வரை கடனைக் கட்டாமல் பொறுக்கலாமா?

திருநெல்வேலி மாவட்டம் களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, பார்லிமென்ட் தேர்தல் நெருங்கினால் பெட்ரோல் விலை ஏறாமல் நிற்கிறது. அடிக்கல் மேல் அடிக்கல் நடுகிறார்கள். ஊரில் பணம் புழங்குகிறது என்றும் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் வாழைத்தார் வியாபாரம் மட்டும் அந்த இரண்டு மாதம் படுத்துவிடுகிறது. தேர்தல் நம் பொருளாதாரத்துக்கு நல்லதா, கெட்டதா? அப்பா பயிர்க்கடன் வாங்கியிருக்கிறார். எப்படியும் தள்ளுபடி வரும், இப்போது கட்டாதே என்று ஊரில் நாலு பேர் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?"

நான்கைந்து கேள்விகள் போலத் தெரிந்தாலும், தம்பி உண்மையில் கேட்பது கடைசி வரியைத்தான். அப்பாவின் கடனைக் கட்டலாமா, பொறுக்கலாமா? ஆனால் அதற்கு ஒற்றை வரியில் பதில் சொன்னால் ஊரில் சொல்லும் நாலு பேரோடு நான் ஐந்தாவது ஆள் ஆகிவிடுவேன். காரணத்தோடு சொல்ல வேண்டுமானால் முதல் பாதியையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். நான் 1985-ல் வங்கி வேலையில் சேர்ந்து 2018-ல் ஓய்வு பெற்றவன். பெரும்பாலான வருடங்கள் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, களக்காடு வட்டாரக் கிளைகளில் விவசாயக் கடன் பார்த்தேன். வேலையில் இருந்த காலத்தில் 1989 முதல் 2014 வரை 8 நாடாளுமன்றத் தேர்தல்களைக் கவுண்டருக்கு உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். யார் ஜெயிப்பார் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. காசு எப்போது எந்தப் பக்கம் நகரும் என்பதுதான் எனக்குத் தெரிந்த விஷயம்.

அத்தனை வருடத்தில் நான் புரிந்துகொண்டது இதுதான்: தேர்தல் புதிதாகக் காசை உண்டாக்குவதில்லை. எப்படியும் வர வேண்டிய காசில் கொஞ்சத்தை முன்னால் இழுக்கிறது, கொஞ்சத்தைப் பின்னால் தள்ளுகிறது. மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு இந்த இழுப்பும் தள்ளலும் பெரிதாகத் தெரியாது. வெட்டிய தாரை அன்றைக்கே விற்றாக வேண்டியவருக்குத்தான் தெரியும். ஆகவே நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, உங்கள் வீட்டுக்கு வர வேண்டிய காசு எது முன்னால் வருகிறது, எது தள்ளிப்போகிறது, எந்தத் தேதியில் என்று கேட்பது உங்களுக்கு அதிகம் உதவும்.

பெட்ரோலை முதலில் எடுத்துக்கொள்வோம். அரசின் முடிவுப்படி 2010 முதல் பெட்ரோல் விலையும் 2014 முதல் டீசல் விலையும் எண்ணெய் நிறுவனங்களின் கையில்தான் இருக்கின்றன. 2017 ஜூன் முதல் விலை தினமும் மாறலாம் என்று ஆனது. அப்படி மாற வேண்டிய விலை 2018-ல் கர்நாடகத் தேர்தலுக்கு முன் 19 நாள் அசையாமல் நின்றது. வாக்குப்பதிவு முடிந்த இரண்டாம் நாள் ஏறத் தொடங்கியது. 2021-ல் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் முடிவு மே 2-ல் வந்தது, மே 4-ல் விலை ஏறியது. 2021 நவம்பர் முதல் 2022 மார்ச் 22 வரை, உத்தரப் பிரதேசம், பஞ்சாப் தேர்தல்கள் நடந்த காலம் முழுவதும் சேர்த்து, 137 நாள் விலை மாறவே இல்லை. 2024-ல் தேர்தல் தேதி மார்ச் 16-ல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாள்தான் லிட்டருக்கு சுமார் 2 ரூபாய் குறைந்தது. சிலிண்டர் விலை மார்ச் 8-ல் 100 ரூபாய் குறைந்திருந்தது. இந்தத் தேதிகளெல்லாம் உறுதியானவை, யாரும் சரிபார்க்கலாம். ஆனால் தேதியை வைத்து நோக்கத்தை நிரூபிக்க முடியாது. நிறுவனங்கள் தங்கள் வியாபார முடிவு என்று சொல்கின்றன, அரசும் அதையே சொல்கிறது. எனக்கு அந்த விளக்கம் போதுமானதாகப் படவில்லை, ஆனால் அது என் எண்ணம்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். தேர்தல் முடிந்ததும் விலை கட்டாயம் ஏறும் என்பதும் விதி அல்ல. 2024 ஜூன் 4-ல் முடிவு வந்தது, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பெட்ரோல் விலை அப்படியேதான் நின்றது. வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் டாங்க் நிரப்ப வரிசையில் நிற்பதில் அர்த்தமில்லை.

திட்டங்களும் இதே மாதிரிதான். 2019 பிப்ரவரி 1 இடைக்கால பட்ஜெட்டில் விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்று பி.எம். கிசான் திட்டத்தை அறிவித்தார்கள். 2018 டிசம்பர் 1 முதலே அமல் என்று தேதியைப் பின்னால் வைத்து, அதே பிப்ரவரி 24-ல் முதல் தவணை 2,000 ரூபாயைக் கணக்கில் போட ஆரம்பித்தார்கள். நம் பக்கத்தில் 2024 பிப்ரவரி 25-ல் தூத்துக்குடியில் மின்சாரக் கார் ஆலைக்கு முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். மூன்று நாள் கழித்துப் பிரதமர் வந்து தூத்துக்குடி வெளித்துறைமுகத்துக்கும் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கும் அடிக்கல் நாட்டினார். அடுத்த 17 நாளில் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது. இரண்டு அரசுகளுக்கும் நாட்காட்டி ஒன்றுதான். இதை வைத்து அடிக்கல் எல்லாமே ஏமாற்று என்று சொல்லிவிடக் கூடாது. அந்தக் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டுவிட்டது. நாங்குநேரி சிறப்புப் பொருளாதார மண்டலத்தையோ நாம் எத்தனையோ தேர்தலாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். வேலை தருகிற திட்டம் எது, தராதது எது என்பதை அடிக்கல் நட்ட தேதி சொல்லாது. நிலமும் மின்சாரமும் தண்ணீரும் சாலையும் வந்து சேர்ந்தனவா என்பதுதான் சொல்லும்.

வங்கிக் கடனும் இப்படி முன்னால் இழுக்கப்படுவது உண்டு. ஷான் கோல் என்ற பொருளாதார ஆய்வாளர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. இந்திய மாநிலங்களில் தேர்தல் வருடங்களில் அரசு வங்கிகளின் விவசாயக் கடன் மற்ற வருடங்களைவிட 5 முதல் 10 சதவீதப் புள்ளி வரை கூடுதலாக வளர்கிறது, ஆனால் விளைச்சலில் அதற்கேற்ற மாற்றம் தெரியவில்லை என்பது அவர் கண்டது. அவர் பார்த்தது சட்டமன்றத் தேர்தல்களை, அதை அப்படியே நாடாளுமன்றத் தேர்தலுக்கும் பொருத்திவிட முடியாது. ஆனால் படித்தபோது எனக்கு ஆச்சரியமே ஏற்படவில்லை. தேர்தலுக்கு முந்தைய வருடத்தில் கடன் இலக்கு மேலிருந்து கூடிவரும், வசூல் பற்றிய கண்டிப்பு குறைந்துவரும். எழுத்தில் யாரும் கொடுக்க மாட்டார்கள். கூட்டத்தில் பேசும் தொனியிலேயே புரிந்துவிடும்.

இனி தள்ளிப்போகும் காசு. தேர்தல் தேதி அறிவித்த நிமிடத்திலிருந்து நடத்தை விதி அமலுக்கு வருகிறது. புதிய திட்டம், புதிய நிதி ஒதுக்கீடு, அடிக்கல் எதுவும் கூடாது. களத்தில் ஏற்கெனவே தொடங்கிய வேலை நடக்கலாம், முடிந்த வேலைக்குப் பணம் கொடுக்கலாம். உத்தரவு கொடுத்தும் தொடங்காத வேலையை மட்டும் தொடங்கக் கூடாது. முதியோர் உதவித்தொகை, மகளிர் உரிமைத்தொகை, நூறு நாள் வேலை எல்லாம் பழைய திட்டங்கள் என்பதால் 2024-ல் நிற்கவில்லை. அந்த வருடம் நூறு நாள் வேலைக் கூலி நமக்கு 294-லிருந்து 319 ரூபாய் ஆன அறிவிப்பே நடத்தை விதிக் காலத்தில், தேர்தல் ஆணையத்தின் அனுமதியோடு வந்ததுதான். ஆக, எல்லாமே நின்றுவிடும் என்பது தவறான பேச்சு. ஆனால் நம் பக்கத்துக்கு என்று ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. பிசானப் பருவ நெல் அறுப்பு முடிந்து, கார் பருவ நெல் சாகுபடிக்கு வழக்கப்படி ஜூன் 1-ல் பாபநாசம் அணையிலிருந்து தண்ணீர் திறப்பதற்கு முன் இருக்கும் இடைவெளியில்தான் கால்வாய் தூர்வார முடியும். கன்னடியன் கால்வாயும் கோடகன் கால்வாயும் காய்ந்து கிடப்பது அந்த நாட்களில்தான். நாடாளுமன்றத் தேர்தலும் சரியாக அதே மாதங்களில் வருகிறது. 2024-ல் மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை 82 நாள். தமிழ்நாடு ஏப்ரல் 19-ல் முதல் கட்டத்திலேயே ஓட்டுப் போட்டுவிட்டு, நாடு முழுவதும் போட்டு, எண்ணி முடிக்கட்டும் என்று 46 நாள் காத்திருந்தது. மார்ச்சுக்கு முன் டெண்டர் விட்டு வேலை தொடங்காத கால்வாய்க்கு அந்த வருடம் போனது போனதுதான். மடைக்கடைசியில் வயல் வைத்திருப்பவருக்கு இதன் பலன் ஜூலையில் தெரியும். அப்போது அவர் தேர்தலை நினைக்கவே மாட்டார்.

சரி, உங்கள் வாழைத்தார் வியாபாரத்துக்கு வருகிறேன், இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உரிய ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்துப்போனால் பறக்கும் படையோ நிலையான கண்காணிப்புக் குழுவோ அதைப் பிடித்து வைக்கலாம். அதிகப் பணம் வைத்திருப்பதே குற்றம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஓட்டுக்குக் கொடுக்கப் போகும் பணத்தைத் தடுப்பதற்காகத் தேர்தல் ஆணையம் வகுத்த நடைமுறை இது. ஆனால் நம் வட்டாரத்தில் ரொக்கமும் ரசீது இல்லாத பழக்கமும் சேர்ந்தே வளர்ந்தவை. ஏத்தன் (நேந்திரன்) தார் வாங்கக் கேரளத்திலிருந்து வருகிற வியாபாரி தோட்டத்தில் வைத்து எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறவர். விஷுவுக்குத் தார் அனுப்பும் நாட்களும் ஏப்ரல் நடுவில்தான். 2024-ல் நம் வாக்குப்பதிவு 19-ம் தேதி, கேரளத்துக்கு 26-ம் தேதி. பாவூர்சத்திரம், ஆலங்குளம் காய்கறிச் சந்தைகளிலும் இதே கதைதான். மேலப்பாளையம் ஆட்டுச் சந்தைக்கோ அந்த வருடம் பங்குனி உத்திரம் மார்ச் 25-லும் ரம்ஜான் ஏப்ரல் 11-லும் வந்தன. சாஸ்தா கோயிலுக்குக் கிடா வாங்க வேண்டியவர்களும் பெருநாளுக்கு ஆடு வாங்க வேண்டியவர்களும் வாகனச் சோதனைக்கு நடுவில்தான் வந்து போனார்கள். வியாபாரி ரொக்கத்தோடு வரப் பயந்து பாதிச் சரக்குக்கு மட்டும் காசு கொண்டுவருவார். வாங்குகிற ஆள் குறைந்தால் விலை இறங்கும். வாழை காத்திருக்காது. சித்திரைக் கோடைக்காற்று ஒரு தட்டுத் தட்டினால் தோட்டமே சாய்ந்துவிடும். அந்தப் பயத்தில் வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். உங்கள் வியாபாரம் படுக்கும் காரணம் இதுதான். தார் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, காசு வந்து சேரும் வழிதான் அடைபட்டுப்போகிறது.

2014 தேர்தலின்போது நான் வேலை பார்த்த கிளைக்கு ஒரு பெரியவர் வந்தார். மகள் கல்யாணத்துக்காக 9 ஆடுகளைச் சந்தையில் விற்று 62,000 ரூபாயை மடியில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தவரைச் சோதனையில் பிடித்துவிட்டார்கள். சந்தையில் அவரிடம் இருந்தது நுழைவுச் சீட்டு மட்டும்தான், விற்றதற்குத் துண்டுச்சீட்டு கூடக் கிடையாது. வாங்கியவர் யார் என்றும் அவருக்குத் தெரியாது. அவருக்கு எங்களிடம் கணக்கு இருந்ததே தவிர அந்தப் பணம் எங்கள் வழியாக வந்ததல்ல. அதனால் நான் எழுதிக் கொடுத்த கடிதத்தில், இவர் ஆடு வளர்ப்பவர், எங்களிடம் கடன் உள்ளவர் என்பதற்கு மேல் ஒன்றும் எழுத முடியவில்லை. பணம் கிடைத்தது. கல்யாணம் முடிந்து நாலு நாள் கழித்துக் கிடைத்தது. இடையில் அவர் எந்த வட்டிக்கு வாங்கிச் சமாளித்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அதனால்தான் இதை விவரமாகச் சொல்கிறேன். பணத்தைப் பிடித்தால் ரசீது கொடுக்க வேண்டும். அந்தப் பணத்துக்கும் எந்த வேட்பாளருக்கும் கட்சிக்கும் தொடர்பில்லை, வழக்கும் பதியவில்லை என்றால் மாவட்ட அளவில் 3 அதிகாரிகள் கொண்ட குழு அதை விடுவிக்க வேண்டும். வழக்கு இல்லாத பணத்தை வாக்குப்பதிவு முடிந்து 7 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 10 லட்சத்துக்கு மேல் போனால் விஷயம் வருமான வரித் துறைக்குப் போகும். ஆகவே விற்கிற இடத்திலேயே ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள்: தேதி, தார் எண்ணிக்கை, விலை, இரண்டு பேர் பெயர், கையெழுத்து. வங்கியில் எடுத்த பணமானால் பாஸ்புத்தகத்தில் அன்றைய வரவு செலவைப் பதிந்து கையோடு வைத்திருங்கள். போனிலேயே பணம் அனுப்பும் வசதி இப்போது பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டது, ஆனால் அதில் பொதுவாக ஒரு நாளைக்கு 1 லட்சம்தான் வரம்பு. லாரிச் சரக்குக்கு வங்கி வழியாகவே நேராக அனுப்பச் சொல்லுங்கள். இன்னொரு விஷயமும் தெரிந்திருக்கட்டும். தேர்தல் நேரத்தில், இரண்டு மாதமாக அப்படிப் பெரிய வரவு செலவு எதுவும் நடக்காத கணக்கில் திடீரென்று 1 லட்சத்துக்கு மேல் ரொக்கம் போட்டாலோ எடுத்தாலோ வங்கி அதைத் தகவலாக அனுப்ப வேண்டியிருக்கும். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், விசாரித்தால் சொல்லக் காரணம் இருந்தால் போதும். வாக்குச்சாவடியைக் கண்காணிக்கும் நுண் பார்வையாளர் வேலைக்கு வங்கி ஊழியர்களையும் எடுப்பார்கள். பயிற்சி நாட்களில் கவுண்டரில் ஆள் குறையும், மார்ச் 31 கணக்கு முடிப்பும் கூடவே வரும். பெரிய தொகை வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்பே சொல்லி வையுங்கள்.

ஊரில் பணம் புழங்குகிறது என்பதில் எவ்வளவு உண்மை? ஓட்டுக்குப் பணம் என்பது கற்பனை இல்லை. 2019-ல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலையே பணப் பட்டுவாடா காரணமாக வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன் ரத்து செய்து, ஆகஸ்ட் 5-ல் நடத்தினார்கள். 2024 ஏப்ரலில் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்த சுமார் 4 கோடி ரூபாயைத் தாம்பரத்தில் பிடித்தார்கள். நாடாளுமன்ற வேட்பாளர் ஒருவர் தமிழ்நாட்டில் சட்டப்படி செலவழிக்கக்கூடிய மொத்தத் தொகையே 95 லட்சம்தான். அந்தப் பணத்தால் ஊரின் பொருளாதாரம் எழும்புமா என்றால் நான் இல்லை என்பேன். இதற்கு வெளிப்படையான கணக்கு எங்கும் இருக்க முடியாது, ஆகவே இது அனுபவப் பேச்சு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த அளவில் ஒரு வாரம் கறிக்கடையும் ஜவுளிக்கடையும் சூடாக இருக்கும். கூட்டத்துக்கு ஆள் பிடித்துப் போவதால் வயலுக்கும் தோட்டத்துக்கும் ஆள் கிடைக்காது, அந்தக் கூலி உயர்வு உங்கள் தலையில் விழும். பிறகு அடங்கிவிடும். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் ஒரு தடயம் உண்டு. இந்தியாவில் மாநிலத் தேர்தல்களை ஒட்டிச் சிமெண்ட் விற்பனை குறைவதை ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். கட்டட வேலையில் இருக்க வேண்டிய காசு அந்த நேரத்தில் வேறு பக்கம் போகிறது என்பது அவர்கள் ஊகம். ஊகம் சரியானால், கையில் கொடுக்கப்படும் காசு ஏதோ ஒரு கொத்தனாரின் நின்றுபோன வாரக்கூலிதான்.

நாடாளுமன்றத் தேர்தல் நிஜமாகவே தீர்மானிக்கிற விஷயங்கள் இந்த இரண்டு மாதத்தில் கண்ணில் படாது. முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் மேலப்பாளையத்திலும் சுளவை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற பெண்களுக்கு, 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடிக்கு 28 சதவீதம் வரி என்று எடுத்த முடிவு எந்தப் பிரச்சாரக் கூட்டத்தையும்விடப் பெரியது. பீடிக்கடையில் இலையும் தூளும் குறைத்துக் கொடுத்தால் வாரத்தில் எத்தனை நாள் வேலை என்பதே மாறிவிடும். உங்களுக்கு அதேபோலப் பெரிய விஷயம் பயிர்க்கடன் வட்டி மானியம். வேட்பாளர் ஊருக்கு வரும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இந்த மாதிரியானவை என்று நான் நினைக்கிறேன்.

இனி தள்ளுபடி. மத்திய அரசு நாடு முழுவதற்குமாக விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்தது இரண்டே முறைதான். 1990-ல் 10,000 ரூபாய் வரை நிவாரணம். பிறகு 2008 பிப்ரவரி 29 பட்ஜெட்டில் அறிவித்த பெரிய தள்ளுபடி, 2009 தேர்தலுக்கு ஒரு வருடம் முன். 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களுக்கு முன்னும் மத்திய அரசு அப்படி எதுவும் அறிவிக்கவில்லை. இது உறுதியான வரலாறு. அடுத்த முறை வராது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. வரும் என்று அடித்துச் சொல்கிறவரிடமும் ஆதாரம் எதுவும் இருக்காது. மாநில அரசின் தள்ளுபடிகள் வேறு. 2006, 2016, 2021 என்று தமிழ்நாட்டில் செய்தவை கூட்டுறவுச் சங்கக் கடன்களுக்குத்தான். அப்பா வாங்கியது சொசைட்டியிலா, அரசுடைமை வங்கியிலா என்று முதலில் பாருங்கள். வங்கியில் என்றால் அந்த மூன்று அறிவிப்புகளும் அவரைத் தொட்டிருக்காது.

இரண்டு மத்தியத் தள்ளுபடிகளிலும் ஒரு பொது அம்சம் உண்டு. தகுதித் தேதி, அறிவிப்புக்கு முன்னாலேயே கடந்துபோன தேதி. 1990 திட்டத்துக்கு 1989 அக்டோபர் 2-ல் கடன் தவணை தவறியிருக்க வேண்டும். 2008-க்கு, 2007 மார்ச் 31-க்குள் வாங்கி, 2007 டிசம்பர் 31-ல் தவணை தவறியிருக்க வேண்டும், 2008 பிப்ரவரி 29 வரை கட்டாமலும் இருக்க வேண்டும். அறிவிப்பைக் கேட்டபிறகு கட்டுவதை நிறுத்தியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கிராமத்தில் அண்ணன் தம்பி இருவர். இருவருக்கும் 5 ஏக்கருக்குள்தான், இருவரும் 2006 பிசானத்துக்குக் கடன் வாங்கினார்கள். 2007 டிசம்பர் கடைசியில் வசூலுக்குப் போய் அண்ணன் வீட்டு வாசலில் நின்றவன் நான். அவர் மனைவியின் சங்கிலியை வட்டிக்கடையில் வைத்து, கையோடு கொண்டுவந்து கட்டினார். தம்பி அன்றைக்கு ஊரில் இல்லை. இரண்டு மாதம் கழித்து தம்பி கடன் முழுவதும் தள்ளுபடி. அண்ணனுக்கு வட்டிக்கடையில் சங்கிலி. கிளைக்கு வந்து அவர் என்னைத் திட்டவில்லை. "சார், நீங்க ரெண்டு மாசம் கழிச்சு வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் கிடையாது. வதந்தியை நம்பிக் கட்டாமல் இருந்து தப்பியவர்களும் அந்த வருடம் இருந்தார்கள், அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அவர்கள் தப்பியது கணக்குப் போட்டு இல்லை, தேதி விழுந்த விதம்.

எதிர்ப்பக்கமும் பார்த்திருக்கிறோம். 2021 தேர்தலையொட்டிக் கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி என்று எல்லாப் பக்கமும் வாக்குறுதி வந்தது. நம்பிப் பலரும் வட்டி கட்டுவதை நிறுத்தினார்கள், புதிதாக நகை வைத்தவர்களும் உண்டு. பிறகு நிபந்தனைகளோடு பட்டியல் வந்தபோது 48 லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்களில் சுமார் 35 லட்சம் தகுதியில்லை என்று ஆனது. காத்திருந்த மாதங்களின் வட்டியையும் சேர்த்துக் கட்டித்தான் அவர்கள் நகையைத் திருப்பினார்கள்.

காத்திருப்பதற்கு என்ன விலை என்று ஒரு கணக்கு. 3 லட்சம் வரை பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். கெடுதேதிக்குள் கட்டினால் 3 சதவீதம் ஊக்கத்தொகை கழிந்து 4 சதவீதம்தான் விழும். 1 லட்சம் வாங்கியவர் ஒரு வருடத்தில் தேதிக்குள் கட்டினால் 4,000 ரூபாய் வட்டி. கெடுதேதி தாண்டிய மறுநாளே அந்த 3,000 ரூபாய்ச் சலுகை போய்விடும். அதற்குப் பிந்தைய நாட்களுக்கு வங்கியின் சாதாரண வட்டி ஓட ஆரம்பிக்கும். சொசைட்டிக் கடன் என்றால் இன்னும் மோசம். தேதிக்குள் கட்டினால் வட்டியே இல்லாத கடன் அது, தாண்டினால் வட்டி விழும். கணக்கு வாராக்கடன் ஆகிவிட்டால் அடுத்த கார் பருவத்துக்குப் புதுக்கடன் கிடைக்காது. வாழைக்கு முட்டுக்கம்பு வாங்கவும் உரம் வாங்கவும் அப்புறம் வட்டிக்கடைக்குத்தான் போக வேண்டும். அந்தக் கடனை எந்தக் கட்சியும் தள்ளுபடி செய்ததில்லை.

உங்கள் அப்பாவுக்கு நான் சொல்வது: பாஸ்புத்தகத்தையும் கடன் பத்திரத்தையும் எடுத்துக் கெடுதேதி எது என்று இன்றைக்கே பாருங்கள். தேதி இன்னும் வரவில்லை என்றால், தேர்தலுக்குப் பயந்து முன்கூட்டியே கட்ட வேண்டிய அவசியம் இல்லை. வேறு நல்ல உபயோகம் இருந்தால் கெடுதேதி வரைக்கும் அந்தப் பணம் அவர் கையில் இருக்கட்டும். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் கட்டிவிட்டு, புதுப்பித்து மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். கட்ட முடியாத நிலை என்றால் பொறுத்துப் பார்ப்போம் என்று வீட்டில் உட்கார வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் போலவோ காற்றிலோ பயிர்ச்சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ என்று அரசு அறிவித்த பகுதியாக இருந்தால், கடனைத் தவணை நீட்டி மாற்றியமைக்க ரிசர்வ் வங்கி விதியிலேயே இடம் இருக்கிறது. அதை எழுத்தில் கேளுங்கள், மனுவின் நகலில் கிளை முத்திரை வாங்குங்கள். கேட்காதவருக்கு அதைத் தேடிவந்து யாரும் கொடுக்க மாட்டார்கள். அடங்கலும் (பயிர் விவரச் சான்று) வி.ஏ.ஓ. கொடுக்கும் சேதச் சான்றும் தேர்தல் வேலை தொடங்கும் முன்பே வாங்கி வையுங்கள். வாக்குச்சாவடி வேலை வந்துவிட்டால் வி.ஏ.ஓ.வைப் பிடிப்பது கஷ்டம்.